போர்க்களத்துக்கு அரசுப் பணம் கிடைக்குமா? நெல்லைச் சீமையிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மூன்று மாவட்டங்களையும் சேர்த்தே இங்கு நெல்லைச் சீமை என்கிறோம். பூலித்தேவர் காலத்துச் சண்டைகளைக் கண்ட நெற்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும் 2019-லிருந்து தென்காசி மாவட்டம். பாஞ்சாலங்குறிச்சியும் கயத்தாறும் 1986-லேயே தூத்துக்குடிக்குப் போய்விட்டன. களக்காடும் பாளையங்கோட்டையும் திருநெல்வேலியில் இருக்கின்றன. மனுவை எந்த ஆட்சியர் அலுவலகத்தில் கொடுப்பது என்பதிலேயே பலர் இடறுகிறார்கள். அதனால் இதை முதலில் சொல்லிவைக்கிறோம்.

போர்க்களப் பாதுகாப்பு மானியம் என்று தனியாக ஏதாவது உண்டா?

கிடையாது. மத்திய அரசிலும் இல்லை, மாநில அரசிலும் இல்லை. சட்டத்தில் போர்க்களம் என்ற சொல்லே இல்லை. 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் நினைவுச்சின்னம், தொல்லியல் இடம் என்று இரண்டைத்தான் பேசுகின்றன. நமக்கு வழி இரண்டாவதில் இருக்கிறது. நூறு ஆண்டுக்குக் குறையாத வரலாற்று எச்சங்கள் இருக்கிற இடம், அல்லது இருப்பதாக நியாயமாக நம்பத்தக்க இடம் எதுவும் தொல்லியல் இடமாகலாம் என்கிறது மத்தியச் சட்டத்தின் விளக்கம். “நம்பத்தக்க” என்ற அந்தச் சொல்தான் பிடி. நிலத்துக்கு மேல் ஒரு செங்கல்கூட மிஞ்சாத ஊருக்கும் அது இடம் கொடுக்கிறது.

அதனால் “போர்க்களத்துக்கு மானியம் வேண்டும்” என்று தலைப்பிட்ட மனு மேசைக்கு மேசை சுற்றிவிட்டுத் திரும்பி வரும். “இன்ன கிராமம், இன்ன புல எண்களைத் தொல்லியல் இடமாக அறிவிக்கக் கோருதல்” என்று எழுதினால் அதற்கு ஒரு கோப்பு எண் விழும் (புல எண் என்றால் சர்வே எண்).

அமெரிக்காவில் தனித் திட்டமே இருக்கிறதாமே? அதில் நாம் விண்ணப்பிக்கலாமா?

இருக்கிறது. ஆனால் நமக்கு இல்லை. அந்த நாட்டுத் தேசியப் பூங்காத் துறையின் கீழ் போர்க்களங்களுக்கென்றே ஒரு திட்டம் நடக்கிறது. நிலம் வாங்க, திட்டமிட, மக்களுக்கு விளக்கிக் காட்ட, பழைய நிலைக்கு மீட்க என்று நான்கு வகை மானியம். நிலம் வாங்கும் மானியம் விலையில் பாதி வரைதான் வரும், மீதியை உள்ளூரில் திரட்ட வேண்டும். விற்கச் சம்மதிப்பவரிடம் மட்டுமே வாங்குவார்கள். வாங்கிய நிலத்தில் பிறகு கட்டடம் எழாதபடி நிரந்தரக் கட்டுப்பாட்டுப் பத்திரம் பதிய வேண்டும். நான்கும் அமெரிக்க மண்ணில் நடந்த போர்களுக்கு மட்டும்.

அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பணத்தை அல்ல, வேலை செய்யும் முறையை. களத்தை எப்படி அளப்பது என்பதில் அவர்களிடம் நல்ல ஒழுங்கு உண்டு. அது கீழே வருகிறது.

எங்கள் ஊரில் சண்டை நடந்தது ஊருக்கே தெரியும். இதற்கு மேல் என்ன ஆதாரம் கேட்கிறார்கள்?

கும்மிப்பாட்டும் கதைப்பாடலும் துணை ஆதாரம்தான். அலுவலகம் மூன்றைக் கேட்கும்: தேதி, இடம், எச்சம்.

தேதிக்கு அதிகம் அலைய வேண்டியதில்லை. பாஞ்சாலங்குறிச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1799 செப்டம்பர் 5 அன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் பானர்மன் படை தாக்கியது. அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடித்த கோட்டையைச் சில நாளிலேயே மறுபடி எழுப்பினார். மார்ச் 31 அன்று மேஜர் மெக்காலேயின் தாக்குதல் தோற்றது. மே 24 அன்று கர்னல் அக்னியூ கோட்டையைப் பிடித்தார். அதற்கும் முன்னால் 1783-இல் கர்னல் புல்லர்ட்டன் வந்து போன கதை தனி. ஆக ஒரே மண்ணில் பல சண்டை. “கட்டபொம்மன் போர்” என்று ஒற்றை வரியில் முடித்துவிடாமல் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒவ்வொரு சண்டையிலும் பாளையம் (படை முகாம்) இறங்கிய இடமும் பீரங்கி நின்ற இடமும் வேறாக இருக்கும். பாதுகாக்க வேண்டிய புல எண்ணும் அதற்கேற்ப மாறும்.

கம்பெனிக் காலத்து ராணுவ ஆலோசனைக் கோப்புகளும் திருநெல்வேலி மாவட்டப் பதிவுகளும் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. போகும்போது ஆண்டு, மாதம், தளபதி பெயர் மூன்றையும் குறித்துக்கொண்டு போங்கள். “கட்டபொம்மன் சம்பந்தமா எதாவது இருக்கா” என்று கேட்டால் ஒரு நாள் வீண். ஆங்கில எழுத்துக்கூட்டு கோப்புக்குக் கோப்பு மாறும். பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரையே பல விதமாக எழுதியிருப்பார்கள், எல்லாவற்றையும் தேட வேண்டும்.

இடத்துக்கும் எச்சத்துக்கும் காப்பகம் போதாது, களத்தில் நடக்க வேண்டும்.

எவ்வளவு நிலத்தைக் கேட்பது? கோட்டை மட்டுமா, சுற்றுவட்டாரம் முழுக்கவா?

பெரும்பாலான மனுக்கள் சாகும் இடம் இதுதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

1801 முற்றுகையில் நின்ற ஆங்கில அதிகாரி ஒருவரின் குறிப்புப்படி பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை ஒழுங்கற்ற நீள்சதுரம். நீளவாக்கில் ஏறத்தாழ 500 அடி, அகலவாக்கில் ஏறத்தாழ 300 அடி. முழுக்க மண் சுவர், உயரம் 12 அடி அளவு. பெருக்கினால் 1,50,000 சதுர அடி, அதாவது மூன்றரை ஏக்கருக்கும் கொஞ்சம் குறைவு. ஆனால் அன்றைய 12 பவுண்டு பீரங்கி 800, 900 மீட்டருக்குப் பயனுள்ள வீச்சுக் கொண்டது. கோட்டையை நடுவில் வைத்து ஒரு கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால் 776 ஏக்கர் வரும்! மூன்றரை ஏக்கர் கேட்டால் சண்டை நடந்த நிலம் முழுக்கக் கைவிட்டுப் போகும். 776 ஏக்கர் கேட்டால் தாசில்தார் சிரித்துவிட்டுக் கோப்பை மூடுவார்.

இரண்டுக்கும் நடுவில் நிற்க, களத்தில் ஐந்து கேள்வியோடு நடக்க வேண்டும். அமெரிக்க முறை இதுவே, படைத்துறையிலிருந்து வந்தது. பிடித்தவனுக்கு வெற்றி தரும் மேடு எது? எங்கிருந்து எதுவரை கண்ணுக்குத் தெரிகிறது? மறைந்து நிற்க வசதியான ஓடைக்கரை, குளத்துக்கரை எது? படையைத் தடுத்தது எது, முள்வேலியா, அகழியா, சகதியா? வந்த தடமும் திரும்பிய தடமும் எவை? நெற்கட்டும்செவல் பக்கம் பொத்தையும் (சிறு குன்று) மலையடிவாரமும் இருப்பதால் இரண்டாவது கேள்வி முக்கியம். ஒட்டப்பிடாரம் பக்கம் தட்டைக் கரிசல், அங்கே ஓடையும் வேலியும்தான் விடை சொல்லும்.

விடைகளை வரைபடத்தில் குறித்தால் மூன்று வட்டாரம் தானாகப் பிரியும். கைகலப்பு நடந்த மையம் முதலாவது. இதற்கு அறிவிக்கை, அதாவது தொல்லியல் இடமென்ற அரசு அறிவிப்பு, கேளுங்கள். பீரங்கி மேடும் பாளையம் இறங்கிய இடமும் இரண்டாவது. இங்கே அரசுப் புறம்போக்கு எது என்று பார்த்து, அதை வேறு யாருக்கும் ஒதுக்கக் கூடாது என்று மட்டும் கேளுங்கள். பார்வைக்குள் படும் மீதி நிலம் மூன்றாவது. அதற்கு ஒன்றும் கேட்க வேண்டாம், பதிவு செய்து வைத்தால் போதும்.

புல எண் பட்டியலை எப்படித் தயாரிப்பது?

அரசின் இணைய நிலப் பதிவு சேவையில் சிட்டா, புலப்படம், அ-பதிவேட்டு விவரம் மூன்றையும் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தையும் அடங்கலையும் பாருங்கள். ஒவ்வொரு உட்பிரிவுக்கும் பரப்பு, வகைப்பாடு, அனுபவம் (நிலம் யார் கையில் இருக்கிறது), இப்போதைய நிலைமை என்று நான்கு பத்தி போட்ட அட்டவணை வேண்டும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. பழைய ஆவணம் சொல்லும் எண்ணும் இன்றைய எண்ணும் ஒன்றல்ல. நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகு உட்பிரிவுகள் மாறியிருக்கும், சில இடத்தில் புறம்போக்கே பட்டாவாகியிருக்கும். தாலுகா அலுவலகத்தில் பழைய எண், புதிய எண் ஒப்பீட்டை வாங்காமல் மனுப் போட்டால், யாரோ ஒருவருடைய வீட்டு மனையைப் போர்க்களம் என்று எழுதிக் கொடுத்ததாகிவிடும். அந்த வீட்டுக்காரர் மறுநாளே எதிர்மனுவோடு நிற்பார்.

மையம் பட்டா நிலத்தில் இருக்கிறது. அறிவித்தால் நிலம் போய்விடும் என்று பயப்படுகிறார்கள்.

பயத்தில் பாதிக்குக் காரணம் இருக்கிறது, பாதிக்கு இல்லை. அறிவிக்கையால் உடைமை மாறாது. பட்டா அவர் பேரிலேயே இருக்கும், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதலாம். ஆனால் அறிவித்த பரப்புக்குள் அனுமதியின்றிக் கட்டடம் கட்ட முடியாது, கிணறு வெட்ட முடியாது, மண் அள்ள முடியாது. மத்திய அரசு அறிவித்த இடம் என்றால் 2010 திருத்தத்தின்படி எல்லையிலிருந்து 100 மீட்டருக்குத் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. அந்த 300 மீட்டருக்குள் ஊர் குடியிருப்பு விழுமானால் மத்திய அறிவிக்கையைக் கேட்காமல் இருப்பதே புத்திசாலித்தனம், மாநில அறிவிக்கைக்குப் போங்கள்.

அறிவிக்கை ஒரே நாளில் வந்து விழுவதுமில்லை. முதலில் உத்தேச அறிவிக்கை வரும், ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதம் உண்டு. இந்த இரண்டு மாதத்துக்குள் நிலக்காரரிடம் பேசத் தொடங்கினால் காரியம் கெட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். மனு எழுதுவதற்கு முன்பே அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

பேசும்போது கையில் வைத்திருக்க வேண்டிய செய்தி ஒன்று: பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் உடைமையாளரோடு அரசு ஒப்பந்தம் செய்துகொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது. பராமரிப்பு யார், மக்கள் எப்போது வந்து பார்க்கலாம், எதைச் செய்யக் கூடாது, விற்கும்போது அரசுக்குச் சொல்வது என்பதெல்லாம் அதில் வரும். சட்டத்தின்படி அரசு எடுக்கும் நடவடிக்கையால் இழப்பு ஏற்பட்டால் இழப்பீடு கேட்கவும் உரிமை உண்டு. மானாவாரியாக உளுந்தும் கம்பும் போடுகிறவருக்கு ஆழ உழாமல் இருப்பது பெரிய நட்டமில்லை. தோட்டம் வைத்து ஆழ்துளைக் கிணறு போட நினைப்பவர் நிலை வேறு. இருவரிடமும் ஒரே பேச்சைப் பேசக் கூடாது.

சரி, பணம் எந்த வழியில் வரும்?

மாநில அரசு இடத்தை அறிவித்துவிட்டால் பராமரிப்புச் செலவு மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பு. நீங்கள் தனியாக மானியம் தேட வேண்டியதில்லை, துறையின் ஆண்டுத் திட்டத்தில் உங்கள் இடம் ஏறியிருக்கிறதா என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். அறிவிக்காத இடத்துக்குத்தான் சுற்றுவழி.

மானியம் என்ற சொல்லுக்கு நம்மிடம் மிக நெருங்கி வருவது “நமக்கு நாமே” திட்டம். மக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒன்று, மீதியை அரசு போடும். 9 லட்ச ரூபாய் வேலை என்றால் ஊர் 3 லட்சம் திரட்ட வேண்டும். பாதை, குடிநீர், சுற்றுவேலி, பெயர்ப்பலகை மாதிரியான வேலைக்கு இது பொருந்தும். பழைய மண்சுவரில் கை வைக்கும் வேலையை இதில் போடவே கூடாது. ஏன் என்பதற்குக் கீழே வருகிறோம்.

சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினர் நிதி 5 கோடி. கேட்கப் போகிறவர்கள் எல்லோரும் சிலைக்கோ மண்டபத்துக்கோ கேட்கிறார்கள். எம்.பி. நிதியில் நிலம் வாங்க இடமில்லை என்பது தெரியாமலே நிலத்துக்கும் கேட்கிறார்கள். பாதைக்கும் விளக்குக்கும் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி அடுத்தது. கம்பெனிச் சட்டத்தின் 7-ஆவது அட்டவணையில் வரலாற்று முக்கியத்துவமுள்ள கட்டடங்களையும் இடங்களையும் மீட்டுப் பாதுகாப்பது வெளிப்படையாகவே இடம்பெற்றிருக்கிறது. தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. தூத்துக்குடிக் கடற்கரையில் தொழிற்சாலை வைத்திருப்பவர்களிடம் இதைச் சொல்லிக் கேட்கலாம். ஒரு திட்டத்தைத் தொடங்கிய நிதியாண்டுக்குப் பிறகு மூன்று ஆண்டு வரை நீட்டவும் முடியும். மழைக்கு முன் ஒரு வேலை, மழைக்குப் பின் ஒரு வேலை என்று நகரும் பாதுகாப்புப் பணிக்கு இந்த நீட்டிப்பு மிக வசதி.

தேசியப் பண்பாட்டு நிதியம் 1996-இல் ஏற்பட்டது. குறிப்பிட்ட ஒரு திட்டத்துக்கென்று நன்கொடையாளர் பணம் கட்டலாம், பழைய வரிமுறையில் முழு வரிவிலக்கு உண்டு. பெரும்பாலும் மத்தியத் தொல்லியல் துறையின் சின்னங்களுக்கே போகிறது, நம் சீமைக் களங்களுக்கு இப்போதைக்கு இதை நம்ப வேண்டாம். களத்தில் கிடைத்தவற்றை வைக்கச் சிறு காட்சியகம் அமைக்க நினைத்தால் மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் அருங்காட்சியக மானியத்தைப் பாருங்கள். பதிவுபெற்ற சங்கமும் டிரஸ்டும் அதில் விண்ணப்பிக்கலாம்.

சங்கமாகப் பதிவதா, டிரஸ்டாகப் பதிவதா?

1975 சங்கங்கள் சட்டப்படி ஏழு பேர் வேண்டும், ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். டிரஸ்ட் ஒரு பத்திரத்தில் முடிந்துவிடும். அரசுப் பணத்துக்கு இரண்டும் செல்லும். எதுவானாலும் பான் அட்டை, வருமான வரித் துறையில் அமைப்பின் வருமானத்துக்கும் நன்கொடையாளருக்கும் விலக்குத் தரும் பதிவுகள் (12ஏ, 80ஜி என்று பெயர் பெற்றவை), தன்னார்வ அமைப்புகளுக்கான மத்திய அரசின் தர்ப்பண் தளத்தில் அடையாள எண், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி வாங்குவதானால் அதற்கான சிஎஸ்ஆர்-1 படிவம் ஆகியவை வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் நம்மூர்க்காரர் அந்நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால் அவர் அனுப்பும் காசு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும். அந்தப் பதிவு இல்லாமல் வாங்காதீர்கள்.

நிர்வாகக் குழுவில் ஒரே சமுதாயத்தார் மட்டும் இருந்தால் சட்டப்படி தப்பில்லை, காரியப்படி தப்பு. விழா நாளுக்குத் தடையுத்தரவு போடுகிற சீமை இது. குழுவின் பெயர்ப் பட்டியலைப் பார்த்ததுமே அதிகாரிகள் பின்வாங்குவார்கள். கோட்டைக்குள் எல்லாச் சாதியாரும் நின்றுதான் செத்தார்கள், குழுவிலும் எல்லோரும் இருக்கட்டும்.

எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார்கள். சிமெண்ட் பூச்சு என்று இருக்கிறது. ஏற்கலாமா?

ஏற்கக் கூடாது. பொறியாளர் கெட்ட எண்ணத்தில் போடுவதில்லை. பொதுப்பணித் துறை விலைப்பட்டியலில் மண்பூச்சுக்கு விலை இருக்காது, சிமெண்டுக்கு இருக்கும், அதனால் சிமெண்ட் வந்து உட்கார்ந்துவிடும். பட்டியலில் இல்லாத வேலைக்குத் தனி டேட்டா (விலைக் கணக்கீடு) தயாரித்து ஒப்புதல் வாங்க முறை உண்டு. அதைக் கேளுங்கள்.

மண்சுவர் ஈரத்தை இழுக்கும், விடும். சிமெண்ட் மேலே ஏறினால் தரையிலிருந்து ஏறிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். இரண்டு மழைக்காலத்தில் பூச்சுக்குப் பின்னால் மண் கூழாகும், உப்புப் பூக்கும், கடைசியில் சிமெண்ட் தகடு பெயரும்போது பழைய மண்ணையும் பிய்த்துக்கொண்டு விழும். பூசாமல் விட்டிருந்தால் அந்தச் சுவர் இன்னும் பல ஆண்டு நின்றிருக்கும்.

சரியான வரிசை இப்படி: முதலில் தண்ணீர். சுவரடியில் நீர் தேங்காமல் வெளிப்பக்கம் சரிவு எடுக்க வேண்டும், அதுவும் தொல்லியல் துறை ஆள் பக்கத்தில் நிற்கும்போது மட்டும். அடுத்தது உச்சி. மேலே புதிய மண்ணால் தொப்பி போல மூட வேண்டும். மூன்றாவதாகப் பக்கங்களில் பலிப்பூச்சு, அதாவது மழை கரைத்துக்கொண்டு போகட்டும் என்றே போடும் பூச்சு. பழைய சுவருக்குப் பதில் அது கரையும், மறு ஆண்டு திரும்பப் பூச வேண்டும்.

மண் சேர்மானத்தைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வையுங்கள். மணல் அடியிலும் வண்டல் நடுவிலும் களி மேலேயும் படியும், ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளலாம். கரிசலில் களி அளவுக்கு மீறி இருக்கும், அப்படியே பூசினால் காய்ந்ததும் பாளம் பாளமாக வெடிக்கும். ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு மூன்று என்று மணல் கூட்டி ஒரு அடிக்கு ஒரு அடி மாதிரிப் பூச்சுகள் போட்டு, ஒரு வாரம் கழித்து எதில் வெடிப்பில்லையோ அதை எடுங்கள். நறுக்கிய வைக்கோலைக் கலந்து ஒரு வாரமாவது ஊறிப் புளிக்க விட வேண்டும். மாதிரியைப் பழைய சுவரில் போடக் கூடாது, தனியாக ஒரு குட்டிச்சுவர் கட்டி அதில் போடுங்கள்.

காலமும் முக்கியம். ஒட்டப்பிடாரம், கயத்தாறு பக்கம் பிப்ரவரியில் தொடங்கிச் செப்டம்பருக்குள் முடிக்க வேண்டும், ஐப்பசி மழைக்கு முன் பூச்சு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். தென்காசிப் பக்கம் ஆனி, ஆடிச் சாரலையும் கணக்கில் எடுக்க வேண்டும். அரசுப் பணம் மார்ச் கடைசியில் வந்து விழுவதும், டெண்டர் முடிந்து வேலை புரட்டாசியில் தொடங்குவதும்தான் வழக்கம். அப்படி வந்தால் பூச்சை விட்டுவிட்டு வடிகாலை மட்டும் முடித்து, பூச்சை மறு ஆண்டுக்குத் தள்ளுங்கள்.

களம் முழுக்க உடங்காடாக (சீமைக் கருவேலம் மண்டி) இருக்கிறது. ஜேசிபி விட்டுச் சுத்தம் செய்யலாமா?

வேண்டாம். சீமை உடைமரத்தைத் தூரோடு பிடுங்கும்போது வேரோடு சேர்ந்து ஒரு மீட்டர் ஆழத்து மண் புரண்டுவிடும். குண்டு எந்த ஆழத்தில், எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதுதான் சான்று, அது அன்றோடு அழிந்தது. அரிவாளும் ரம்பமும் கொண்டு தரைமட்டத்தில் வெட்டுங்கள். அடிக்கட்டை துளிர்க்கும், துளிர்க்கத் துளிர்க்க வெட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். விறகை ஏலம் விட்டால் வெட்டுக்கூலியில் ஒரு பங்கு தேறும், புறம்போக்கானால் ஏலத்தை ஊராட்சி நடத்த வேண்டும். அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் ஓடைக்கரை வெட்டும்போதும், குளத்தில் வண்டல் அள்ள அனுமதி கொடுக்கும்போதும் இதே ஆபத்து உண்டு. உங்கள் புல எண்களை விலக்கி ஆணை போடச் சொல்லித் தாசில்தாரிடம் எழுத்தில் கொடுத்து வையுங்கள்.

உழும்போது ஈயக்குண்டு கிடைத்தது. என்ன செய்வது?

முதலில் அது குண்டுதானா என்று பாருங்கள். அன்றைய கம்பெனித் துப்பாக்கியின் ஈயக்குண்டு ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் குறுக்களவு, 30 கிராமுக்குக் கொஞ்சம் மேல். பார்க்கக் கோலிக்குண்டு அளவுதான், கையில் எடுத்தால் ஐந்தாறு கோலியின் கனம் இருக்கும். மேலே வெளிறிய சாம்பல் பூத்திருக்கும், அச்சில் வார்த்த தழும்பு ஒரு வரியாக ஓடும். ஒரு பக்கம் சப்பையாகியிருந்தால் அது எதிலோ பட்ட குண்டு. உருண்டையாகவே இருந்தால் பெரும்பாலும் சுடாமல் கீழே விழுந்தது. இந்த வித்தியாசம் ஆராய்ச்சிக்காரருக்கு மிக முக்கியம். சுடாத குண்டுகள் கூட்டமாகக் கிடக்கும் இடம் படை நின்ற இடம், சப்பையான குண்டுகள் கிடக்கும் இடம் படை குறிவைத்த இடம்.

அதனால் தேய்க்காதீர்கள், புளி போட்டு விளக்காதீர்கள். எடுத்த இடத்தை அசையாமல் நின்று செல்போனில் படம் பிடித்து, இருப்பிடப் புள்ளியையும் ஆழத்தையும் எழுதுங்கள். ஜிப் வைத்த பாலிதீன் பையில் போடுங்கள். அட்டைப் பெட்டியிலும் மரப்பெட்டியிலும் வைத்தால் அவற்றிலிருந்து கசியும் அமில ஆவியில் ஈயம் வெள்ளை மாவாக உதிரும். தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

இரும்புப் பீரங்கிக் குண்டு வேறு சங்கதி. 6 பவுண்டுக் குண்டு 9 சென்டிமீட்டர் குறுக்களவு, 2.7 கிலோ. 12 பவுண்டுக் குண்டு 11 சென்டிமீட்டர், 5.4 கிலோ. மண்ணிலிருந்து எடுத்துக் காற்றுப்பட வைத்தால் சில மாதத்தில் பழுப்புத் துளியாக வியர்க்கும், பிறகு வெங்காயத் தோல் மாதிரி உரியும். உள்ளே ஏறிய உப்பின் வேலை அது, அரசு அருங்காட்சியக ஆய்வகத்தில்தான் சரிசெய்ய முடியும். அதுவரை சிலிக்கா ஜெல் போட்டுக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். குண்டில் துளையோ மூடியோ தெரிந்தால் அது வெடிமருந்து அடைத்த வகை. தொடாமல் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், 1878 புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதைபொருள் கிடைத்தால் என்ன கிடைத்தது, எங்கே, எப்போது என்று ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிய நகலை வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்னதோடு நிறுத்திவிட்டால், பின்னால் கேள்வி வரும்போது ஒளித்து வைத்தவர் என்ற பெயர் உங்களுக்குத்தான் வரும்.

மெட்டல் டிடெக்டர் வாங்கி நாங்களே தேடலாமா?

கூடாது. அறிவிக்கப்படாத இடத்தில் அகழாய்வு செய்ய மாநில அரசே மத்திய அரசின் முன்அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது, தனியார் எம்மாத்திரம். நீங்கள் செய்யக்கூடியது மேற்பரப்பில் நடந்து பார்ப்பது. உழவு முடிந்து ஒரு மழை பெய்த மறுநாள் காலை வெயில் சாய்வாக விழும்போது, ஐந்து மீட்டர் இடைவெளியில் வரிசையாக நடங்கள். கண்ணில் பட்டதை எடுக்காமல் குறியுங்கள். அந்தக் குறிப்பை வைத்துத் துறையை அழையுங்கள். பாஞ்சாலங்குறிச்சியில் மாநிலத் தொல்லியல் துறை 1968-69-லேயே அகழாய்வு செய்திருக்கிறது, கேட்டால் நடக்காத காரியம் இல்லை.

மணிமண்டபம் இருக்கிறதே, அது போதாதா?

அது நினைவகம், களம் அல்ல. பாஞ்சாலங்குறிச்சியில் இப்போது நிமிர்ந்து நிற்கிற கோட்டை 1974-இல் அரசு கட்டிய நினைவுக்கோட்டை. பழைய கோட்டையின் அடித்தளம் அதற்குப் பின்னால் இருக்கிறது. வருகிறவர்கள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பழசைச் சுட்டுகிற ஒரு பலகைக்கும் ஒரு நடைபாதைக்கும் நிதி கேட்பது, இன்னொரு சிலைக்குக் கேட்பதைவிடப் பயனுள்ள மனு என்பது எங்கள் எண்ணம்.

களத்துக்குப் பக்கத்தில் காற்றாலை வருகிறது. எங்கே ஆட்சேபிப்பது?

காற்றாலைக்கும் சூரியமின் பண்ணைக்கும் சுற்றுச்சூழல் முன்னனுமதி தேவையில்லை, ஆகவே கருத்துக்கேட்புக் கூட்டமும் நடக்காது. கயத்தாறு வட்டாரத்தில் இது பெரிய விஷயம். ஒரு காற்றாலையின் அடித்தளம் மட்டுமே 15 முதல் 20 மீட்டர் அகலத்துக்குத் தோண்டப்படும், கிரேன் வரும் பாதை தனி. எதிர்ப்பதைவிட இடத்தை நகர்த்தச் சொல்வது எளிது. 200 மீட்டர் தள்ளி வைத்தால் கம்பெனிக்குப் பெரிய நட்டமில்லை, ஆனால் கிரயப் பத்திரம் பதிவாவதற்கு முன் சொன்னால்தான் நடக்கும். உங்கள் வரைபடம் முன்கூட்டியே ஆட்சியர் அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகவும்தான்.

ஆங்கிலேயர் கல்லறைகளுக்குப் பணம் கேட்கலாமா? ஊரில் சிலர் எதிர்க்கிறார்கள்.

கேட்கலாம், கேட்க வேண்டும். சண்டை இங்கேதான் நடந்தது என்று கல்லில் வெட்டிய சாட்சி அவை. உலகப் போர்க் கல்லறைகளைப் பார்க்கும் காமன்வெல்த் ஆணையத்துக்கு எழுதிப் பயனில்லை, அவர்கள் பொறுப்பு இரண்டு உலகப் போரோடு சரி. தெற்காசியக் கல்லறைகளுக்கான பிரிட்டிஷ் சங்கம் ஒன்று 1976-லிருந்து இயங்குகிறது, சிறு உதவிகள் செய்யும். கல்வெட்டுக்கு வெள்ளையடிக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

மனுக் கொடுத்து மாதக்கணக்காகிறது, பதிலே இல்லை.

கிராம சபைத் தீர்மானம் இணைத்தீர்களா? ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளில் ஒன்றில் புல எண்களோடு தீர்மானம் நிறைவேற்றி, நகலில் ஊராட்சி முத்திரை வாங்குங்கள். திங்கள்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுத்து மனு எண்ணைப் பெறுங்கள். நகல் ஒன்று சென்னையிலுள்ள தொல்லியல் துறை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் போகட்டும். அறுபது நாளில் அசைவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரே கேள்வி: “இன்ன எண்ணுள்ள மனு இப்போது எந்தப் பிரிவில், யாரிடம், எந்த நாள் முதல் உள்ளது?” முப்பது நாளில் பதில் வர வேண்டும். பத்துக் கேள்வி கேட்டால் பத்துக்கும் பொத்தாம்பொதுவாகப் பதில் வரும்.

பணம் வந்துவிட்டது. கணக்கில் எதைக் கவனிக்க வேண்டும்?

மத்திய மானியம் என்றால் தனி வங்கிக் கணக்கில் வையுங்கள். அதில் விழும் வட்டியும் அரசுக்குச் சேர்ந்தது, அதை எடுத்து விழாப் பந்தலுக்குச் செலவழித்தால் அடுத்த தவணை நிற்கும். நிதியாண்டு முடிந்த பன்னிரண்டு மாதத்துக்குள் மத்திய அரசின் பொது நிதி விதிகளிலுள்ள 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். மானியத்தில் வாங்கிய பொருளுக்கெல்லாம் சொத்துப் பதிவேடு வையுங்கள், ஒரு நாற்காலியைக்கூட அனுமதியின்றி விற்க முடியாது. வேலைக்கு முன், நடுவில், பின் என்று ஒரே இடத்தில் நின்று எடுத்த படங்கள் வேண்டும். அந்த இடத்தில் ஒரு கல்லை நட்டுவிட்டால் மூன்று முறையும் கோணம் மாறாது. மண்பூச்சு வேலைக்கு இந்தப் படம் கட்டாயம். தணிக்கைக்காரர் வந்து பார்க்கும்போது பூச்சில் பாதியை மழை கொண்டுபோயிருக்கும், அது கரைவதற்காகவே போட்டது என்பதை நீங்கள் காகிதத்தில் காட்டியாக வேண்டும்.